கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மாவின் பிச்சாத்தி

என்னோடு ஒரே வரிசையில் நின்று புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியவர்களில் இன்னும் கொஞ்சம் கண் தெரிகிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த ஆடி மாதம் நம் கடற்கரை எப்படி நாறியது என்பது உங்கள் மூக்குக்குத்தான் தெரியும். அந்த நாற்றத்துக்கு இப்போது விலை ஏறியிருக்கிறது, கேட்டீர்களா? நான் சொல்லப்போவது அந்தக் கண்ராவியைத்தான்.

போன மாதம் என் தம்பி மகன் போன் செய்து, மாமி ஒருதடவை ஊருக்கு வந்துவிட்டுப் போங்கள், ஒரு சாமானைக் காட்ட வேண்டும் என்றான். என் தம்பி போய்ச் சேர்ந்து நாளாகிறது. அவன் மகன் கல்ஃபில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன். வந்தவன் ஒரு கடை கண்ணி வைத்தானா என்றால் இல்லை. தேங்காய்ப்பட்டணத்துத் துறைமுக ரோட்டில் என் தம்பி கட்டிய வீட்டின் மாடியில் பழைய மீன்பிடிக் கத்திகளை வாங்கிக் குவித்து, கம்ப்யூட்டரில் படம் போட்டு, எங்கெங்கோ இருக்கிற பணக்காரர்களுக்கு விற்கிறான். நான் நாகர்கோவிலில் மகள் வீட்டில் இருக்கிறேன். முட்டுவலியோடு பஸ் பிடித்துப் போனேன்.

மாடியில் ஏறினால் குளிர். மேசைமேல் வட்ட விளக்கு, பூதக்கண்ணாடி, சிவப்பு வெல்வெட் துணி. நம் அப்பன்மார் சுறாவின் வயிற்றுக்குள் விட்டுத் துழாவிய கத்திகளை இவன் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு தொடுகிறான். நான் உட்காருவதற்குள் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டான். அலகு தேய்ந்து ஒடுங்கியிருந்தால் விலை கூடுமாம், அத்தனை வருஷம் தீட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தமாம். ஆசாரியின் சுத்தியல் அடித்த பள்ளம் தெரிய வேண்டுமாம். பிடியை மாற்றியிருந்தால் பாதி விலை போச்சாம். பிடியில் கைவியர்வையும் மீனெண்ணெயும் ஊறிக் கறுத்துக் கிடக்கிற அழுக்குக்கு அவன் வைத்திருக்கும் பேர் பாட்டினா. அழுக்கை அழுக்கு என்றுகூட சொல்லக்கூடாது அவனிடம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கத்தியின் கதை என்றான். நல்ல கதை இருந்தால் மொட்டைக் கத்தியும் பறந்துவிடுமாம். சொல்லிவிட்டு ஒரு கண்ணாடிப் பெட்டியைத் திறந்தான். மலையில் ரப்பர் எஸ்டேட் வைத்திருந்த ஒரு பழைய குடும்பம் பங்களாவை இடிக்கப்போவதாகவும், பேரப்பிள்ளைகள் தட்டுமுட்டுச் சாமான்களை அள்ளி விற்றபோது, கதை எழுதிக் கட்டிய பழைய சீட்டோடு இது அவனுக்குக் கிடைத்ததாகவும் சொன்னான்.

உள்ளே ஒரு பிச்சாத்தி. சின்னக் கத்திக்கு நாம் சொல்லும் அதே பிச்சாத்திதான். பூவரசம் பிடி. பிடியின் நுனியில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கருகிய இடம். பார்த்தவுடனே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அம்மா மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தபோது அடுப்போரம் வைத்து மறந்து கருகிய பிடி அது. அம்மா அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லித் தன்னையே ஏசிக்கொண்டிருந்தாள்.

தம்பி மகன் பூதக்கண்ணாடியை அந்தக் கருகலின்மேல் பிடித்து, "இது கயிறு உரசின தடம் மாமி," என்றான். "சின்னப்பாட்டாக்க கத்தியாக்கும். ஆளைக் கொன்ன கத்தி."

சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். குடும்பத்தில் ஒருவன் கலெக்டர் ஆகிவிட்டதைச் சொல்கிறவன் முகம்.  தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் குடித்தேன். ஏசிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அவன் அதைக் குறைத்தான்.

அவன் சின்னப்பாட்டா என்று சொன்னது என் சித்தப்பாவை, என் அப்பாவின் ஒரே தம்பியை. அவர் இன்னும் இருக்கிறார். அந்த வீட்டின் பின்புறம், முன்பு வலை போட்டு வைத்திருந்த அறையில் கிடக்கிறார். அவர் பேரை நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. பிச்சாத்தி என்றுதான் சொல்வார்கள். நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள், எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் ஆனியிலேயே கடல் பிடித்துக்கொண்டது. கட்டுமரங்களை எல்லாம் தென்னைமூடு வரைக்கும் இழுத்துப் போட்டிருந்தார்கள். அலை வந்து கல்லறைத் தோட்டத்துச் சுவரில் அறைந்துகொண்டிருந்தது. எல்லா வீட்டிலும் மரச்சீனிதான். காலையில் அவித்தது, மத்தியானம் அதே மரச்சீனி, கூட ஒரு துண்டுக் கருவாடு. ஆண்கள் வேலையில்லாமல் குத்தவைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டும் இருந்தார்கள். அப்போதுதான் அந்த ஜீப் வந்தது.

கத்திச் சார் என்று நாம் பேர் வைத்த அந்த மனுஷன் மலை எஸ்டேட் முதலாளி. வேட்டைக் கத்தி, வெட்டுகத்தி, பாளை சீவுகிற கத்தி என்று என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தாராம். இப்போது கடல் கத்திமேல் ஆசை. ஜீப்பை விட்டு இறங்கும்போதே சென்ட் போட்ட கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். நம் வாசலில் கால் வைக்கக் கூசினார். ஆனால் கத்தியைக் கையில் எடுத்ததும் கைக்குட்டையை மடியில் போட்டுவிட்டு, பிடியை மூக்கோடு சேர்த்து வைத்து மோந்து பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு மோப்பார். அந்த உளும்பு நாற்றத்தை, நம் அம்மாமார் கையில் சோப்புப் போட்டாலும் போகாத நாற்றத்தை, அந்த ஆள் சாம்பிராணிப் புகை மாதிரி உள்ளே இழுத்தார். நாம் பிள்ளைகள் சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

முதல் தடவை அவர் வரப்போகிறார் என்று சொல்லி அனுப்பியபோது நம் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். பெரிய மனுஷன் வருகிறார், நாலுபேர் பார்க்கிற இடம், கத்தி அசிங்கமாக இருக்கலாமா? சாம்பலும் மணலும் புளியும் போட்டு, தேங்காய் நாரால் தேய் தேயென்று தேய்த்து, ஊரிலுள்ள அத்தனை பிச்சாத்தியையும் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார்கள். அம்மா பிடியைக்கூடக் கல்லில் போட்டுத் தேய்த்தாள். கல்லறைச் சுவரோரம் வெள்ளைத் துணி விரித்து எல்லாவற்றையும் அடுக்கினார்கள். வெயிலில் பளபளவென்று இருந்தது.

சார் பார்த்தார். உச்சுக் கொட்டினார். நகத்தால் ஒன்றிரண்டைச் சுரண்டினார். "கத்தியோட வயசை எல்லாம் கழுவி ஊத்திட்டீங்களே," என்றார். ஒன்றே ஒன்றுதான் வாங்கினார். ஊரிலேயே சோம்பேறி என்று பேர் எடுத்த ஒரு வீடு உண்டல்லவா, பாத்திரம் கழுவுவதற்கே திருநாள் வர வேண்டும் என்று நம் அம்மாமார் கேலி செய்வார்களே, அந்த வீட்டுக் கத்தி. செதிலும் துருவும் ஒட்டிக் கிடந்தது. அதை அவர் குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கினார். அன்றைக்கு அந்த வீட்டில் நெல்லுச்சோறு. வேண்டுமென்றே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தின்றார்கள்.

ஊருக்கு விஷயம் புரிய எவ்வளவு நேரம் ஆகும்? சாருக்கு அழுக்கு வேண்டும். அழுக்குக்கா நம்மிடம் பஞ்சம்?

சுறா ஈரலைப் பானையில் போட்டு வெயிலில் வைத்து எண்ணெய் எடுப்பார்கள், ஓர்மை இருக்கிறதா? எண்ணெயை வடித்தபிறகு அடியில் நிற்கிற கசடு. கொழகொழவென்று, மஞ்சளும் இல்லாமல் பச்சையும் இல்லாமல். அதற்குள் கத்திகளைச் சொருகி வைத்தார்கள். அடுத்தது, கோவிலுக்குப் பின்னால் மீன்குடல் கொட்டுகிற குழி. உப்பும் புளித்தண்ணீரும் தடவி, பழைய வலைத்துண்டில் பொதிந்து, அந்தக் குழியில் புதைத்து வைத்தார்கள். ஈர மணலைக் கிளறினால் வெள்ளையாகப் புழு நெளியும். அதற்குள் கையை விட்டு எடுத்துப் பார்த்து, இன்னும் கறுக்கவில்லை என்று மறுபடி புதைப்பார்கள். எடுத்தபிறகு அடுப்புப் புகையில் தொங்கவிடுவார்கள். அந்தக் கையாலேயே மரச்சீனி பிசைந்து தருவார்கள். நான் இரண்டு வாய்க்குமேல் இறங்காமல் வாசலில் போய்த் துப்பியிருக்கிறேன். ஆகாரத்தைத் துப்புகிறாயா என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

அம்மாவின் மீன்வெட்டும் பிச்சாத்தியும் அந்தக் குழிக்குள் போனது. அது கடலையே பார்க்காத கத்தி. சாளைக்குத் தலை கிள்ளவும் அயிலைக்குக் குடல் எடுக்கவும் அடுக்களையில் கிடந்தது. அதைப் புதைத்துவிட்டு அம்மா மீன் வெட்ட ஒரு தகரத் துண்டை வைத்துக்கொண்டு, வெட்டத் தெரியாதவள் மாதிரி விரலை அறுத்துக்கொண்டாள். மீன் எங்கே கிடைத்தது என்று கேட்காதீர்கள், கரையில் ஒதுங்கிய அழுகல்தான்.

அடுத்த தடவை சார் வந்தபோது கல்லறைச் சுவரோரம் கிடந்த நாற்றத்தில் காக்கைகூட நெருங்கவில்லை. அவரோ குழந்தை மாதிரிக் குதித்தார். போன ஈஸ்டருக்கு ஆசாரி அடித்துத் தந்த கத்தியை எடுத்து நகத்தால் சுரண்டி, மோந்து, இது அந்தக் காலத்து இரும்பு என்றார். வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதில் உறைந்திருப்பது சுறா ரத்தம் என்று இன்னொன்றைச் சொன்னார். புளி, சார், புளி. ஒருவரும் சொல்லவில்லை. ஆண்கள் கைகட்டிக்கொண்டு பவ்யமாக ஆமாம் போட்டார்கள். அவர் ஜீப் திரும்பியதும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஏமாற்றத் தெரிந்துவிட்டால் நமக்கெல்லாம் என்ன சந்தோஷம்!

அதோடு நின்றிருந்தால் நானும் உங்களோடு உட்கார்ந்து சிரித்துவிட்டுப் போவேன். சார் நிற்கவில்லை. அழுக்கு எல்லா வீட்டிலும் கிடைத்துவிட்டதால் அவருக்கு அது சலித்துவிட்டது. இந்தக் கத்திக்கு ஏதாவது கதை உண்டா என்று கேட்க ஆரம்பித்தார். கதை சொன்னவர்களுக்கு இரண்டு மடங்கு தந்தார். அவ்வளவுதான், ஊரில் பிடித்த மீனெல்லாம் திடீரென்று பெரிதாகிவிட்டது. ஒருத்தர் கத்தி திமிங்கலத்தின் கண்ணைக் குத்தியது. ஒருத்தர் கத்தி பேய்க்குப் பயந்து தலையணைக்கடியில் வைத்தது. சார் கேட்டுக் கேட்டு, கொட்டாவி விட்டார்.

இங்கே சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின மாசியில் சித்தப்பாவும் அவர் கூட்டாளியும் கட்டுமரத்தில் சுறாத் தூண்டிலுக்குப் போனார்கள். பெரிய மீன் ஒன்று மாட்டி, ஓடின கயிறு கூட்டாளியின் காலில் சுற்றி அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. சித்தப்பா இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கத்தியால் அறுத்திருக்கிறார். கயிறு அறுந்தது, ஆனால் ஆள் மேலே வரவில்லை. அந்தத் தவிப்பில் கத்தியும் கையைவிட்டுக் கடலில் போய்விட்டது. கரைக்கு வந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டி அழுதார். உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துக் கிழிந்திருந்தது. ஊரே பார்த்தது. கூட்டாளியின் அண்ணன்தான் அவரைக் கட்டிப்பிடித்துத் தேற்றினார்.

பிறகு பெரியவர்கள் பார்த்து, பையன் ராத்திரியில் தூங்கமாட்டேன் என்கிறான், ஒரு கல்யாணத்தைக் கட்டிவைத்தால் சரியாகும் என்று பக்கத்து ஊரில் பெண் பார்த்தார்கள். ஆவணியில் கல்யாணம். ஆடியில் கோவிலில் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை பேரையும் பெண் பேரையும் வாசித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்கிற ஓலைதான். முதல் ஓலை வாசித்த வாரத்தில் சார் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். சித்தப்பா அப்போது ஊரில் இல்லை, பெண் வீட்டாருக்குக் கூரை வேய உதவப் போயிருந்தார்.

நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கதவருகில் நின்றேன். தம்பி தொட்டிலில் கிடந்தான். அப்பா குழியிலிருந்து எடுத்த அம்மாவின் பிச்சாத்தியைக் கொண்டுவந்து சார் கையில் வைத்தார். சார் மோந்தார். கதை உண்டா என்று சலிப்போடு கேட்டார். அப்பா கடல்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இது எனக்க தம்பிக்க கத்தி," என்றார். "ரெண்டுபேரு கடலுக்குப் போனாங்க. ஒருத்தன் வந்தான்."

இவ்வளவுதான் சொன்னார். சாரின் கண் விரிந்ததைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். மூடின வாய்தான் மிச்சத்தைச் சொன்னது. சார் பிடியைத் திருப்பி, கருகின இடத்தைப் பார்த்து, இது கயிறு உரசிய தடம்தானே என்று குசுகுசுத்தார். அப்பா தலையை ஆட்டவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. சார் அவர் கையில் திணித்த பணத்தை நான் பார்த்தேன். கதை இன்னும் விவரமாகக் கிடைத்தால் இன்னும் தருகிறேன், அடுத்த புதன்கிழமை வந்து மற்ற வீட்டுக் கத்திகளையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ என்ன சொல்லி விற்றாய் தெரியுமா என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள். நான் கொன்றான் என்று சொன்னேனா என்று அப்பா திருப்பிக் கேட்டார். அன்று வீட்டில் நெல்லுச்சோறும் நெத்திலிக் குழம்பும். நானும் தின்றேன், பசி, ருசியாகவும் இருந்தது. 

ஜீப் டிரைவருக்கு வாய் சும்மா இருக்குமா? சாயாக்கடையில் அவன் அளந்துவிட்டுப் போனான். ஆளைக் கொன்ற கத்தி, முதலாளி வாங்கியதிலேயே இதுதான் பெரிய விலை என்று. அது கூட்டாளியின் அண்ணன் காதுக்குப் போக இரண்டு நாள்கூட ஆகவில்லை.

இரண்டாவது ஓலை. நீங்கள் எல்லோரும் அன்று கோவிலில் இருந்தீர்கள். ஆண்கள் வலதுபக்கம், பெண்கள் இடதுபக்கம், நாம் முன்னால் தரையில். பங்குச் சாமியார் பேர்களை வாசித்துவிட்டு, தடை தெரிந்தவர்கள் உண்டா என்று வழக்கம்போல் கேட்டார். வழக்கம்போல் யாரும் பதில் சொல்லமாட்டார்கள் என்று அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கூட்டாளியின் அண்ணன் எழுந்து நின்றார். சத்தம் போடவில்லை, அழவில்லை.

"கத்தி கடல்ல போச்சுன்னு கையை விரிச்சுக் காட்டினான் சாமி," என்றார். "கடல்ல போன கத்தியை இவனுக்க அண்ணன் எப்படி வித்தான்?"

அந்த ஆளையும் நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் கேள்வியை யாராயிருந்தாலும் கேட்பார்கள். தம்பியைக் கடலில் கொடுத்தவன் கேட்காமல் இருப்பானா?  சாமியார் என் அப்பாவைப் பார்த்து, பதில் சொல்லு என்றார். கூரை வேலை முடிந்து முந்தின ராத்திரிதான் ஊருக்கு வந்திருந்த சித்தப்பாவும் திரும்பி அப்பாவைப் பார்த்தார். பயமோ கோபமோ இல்லாமல், அண்ணன் இப்போது சொல்லிவிடுவான் என்று காத்திருக்கிற முகத்தோடு பார்த்தார்.

அப்பா எழுந்து, தன் காலைப் பார்த்துக்கொண்டு, "எனக்கொண்ணும் தெரியாது சாமி," என்றார்.

நான் அம்மாவிடம் ஓடிப்போய், அது நம்ம மீன் வெட்டுகிற பிச்சாத்திதானே என்று கேட்டேன். மெதுவாகக் கேட்கவில்லை. பாதி சொல்வதற்குள் அம்மாவின் கை என் வாயைப் பொத்திவிட்டது. குழியில் கிடந்த கத்தியை எடுத்த கை. பூசைக்கு வரும்முன் எத்தனை தடவை கழுவினாளோ, அந்த நாற்றம் போகவில்லை. என் வாயும் மூக்கும் சேர்ந்து அதற்குள் அமுங்கிக் கிடந்தன. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நான் சொன்னது கேட்டது. ஒருத்தி முக்காட்டைச் சரிசெய்தாள். ஒருத்தி செபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கினாள்.

ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது, புரிந்ததால்தான் அருவருப்பு கூடுகிறது. அந்தக் கோவிலில் உட்கார்ந்திருந்த அத்தனை வீட்டுக் கத்தியும் அப்போது பின்னால் குழியில் கிடந்தது. எங்கள் கத்தி அடுக்களைக் கத்தி என்று அப்பா சொன்னால், எல்லாக் கத்தியும் பொய் என்று ஆகிவிடும். சார் புதன்கிழமை வரமாட்டார். ஒருத்தன் பேரைக் காப்பாற்ற ஊருக்கே நெல்லுச்சோறு போய்விடும். யாரும் யாரோடும் கலந்து பேசவில்லை. ஆனாலும் எல்லோரும் ஒரே கணக்கைப் போட்டு முடித்துவிட்டார்கள், பூசை நடக்கும்போதே.

சித்தப்பா எழுந்து வெளியே போனார். மூன்றாவது ஓலை வாசிக்கவில்லை. நாங்கள் கொடுத்தனுப்பிய சேலையைப் பெண் வீட்டார் திருப்பி அனுப்பினார்கள். புதன்கிழமை ஜீப் வந்தது, கல்லறைச் சுவரோரம் வரிசை நின்றது. கூட்டாளியின் அண்ணன் மட்டும் வரவில்லை. அப்பா வரிசையில் முதல் ஆளாக நின்றார். சாரிடம் அன்று இன்னும் விவரமாகக் கதை சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருப்பார்.

சித்தப்பா கொல்லம் பக்கம் நீண்டகரைக்குப் போய் மீன்பிடிப் போட்டில் வேலை செய்தார். திருநாளுக்கு எப்போதாவது வருவார். அவர் கடற்கரையில் நடந்து வந்தால் நீங்கள் எல்லோரும் பிச்சாத்தி வாறான் என்று கத்திக்கொண்டு ஓடினீர்கள். உங்கள் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதும் அவரைக் காட்டித்தான் பயமுறுத்தினீர்கள். அவர் ஒருநாளும் திரும்பி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கல்யாணமும் கட்டவில்லை. உடம்பு தளர்ந்தபின் வந்து என் தம்பி வீட்டில் ஒதுங்கினார்.

பசி, என்ன செய்வது, பாவம், அந்தக் காலம் அப்படி என்று நீங்கள் சொல்வீர்கள். அம்மா சாகும்வரை அதைத்தான் சொன்னாள். பசி எனக்கும்தான் இருந்தது. பசித்தால் கத்தியை விற்கலாம், பொய் சொல்லியும் விற்கலாம், மலை முதலாளிக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. தம்பியை விற்கலாமா? சீ! அப்பாவின் படத்துக்கு என் மகள் வீட்டில் மாலை போடுகிறார்கள். அந்தப் பக்கம் போனால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

இதையெல்லாம் அன்று மாடியில் உட்கார்ந்து தம்பி மகனிடம் சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். அடுப்பில் கருகியது, குழியில் புதைத்தது, கோவிலில் வாயைப் பொத்தியது, எல்லாம். அவன் பொறுமையாகக் கேட்டான். கேட்டு முடித்து, கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தான். கொஞ்சம் வெட்கப்படுவான் என்று நினைத்தேன்.

"மாமி, இதை வெளியில பறயண்டாம்," என்றான். "அடுக்களையில மீன் வெட்டின கத்தின்னா இந்தச் சவத்த எவன் வாங்குவான்?"

வாங்கப்போகிறவன் யாரோ வெளிநாட்டுக்காரனாம், கொலை ஆயுதங்களாகவே சேர்க்கிறவனாம். பேச்சு முடிகிற நேரமாம். அந்த ஆளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தானாம், கதை நிஜமா என்று. அதற்குத்தான் வீட்டுப் பெரியவள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறான். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆமாம் இது அந்தக் கத்திதான் என்று நான் வீடியோவில் சொல்ல வேண்டுமாம்.

செருப்பால் அடிப்பேன் என்றேன். உன் தாத்தா செய்ததையே நீயும் செய்கிறாய், அந்த மனுஷன் செத்த பிறகும் அவர் பேர் கொலைகாரன் என்று கண்ணாடிப் பெட்டியில் இருக்க வேண்டுமா, அவர் உயிரோடு இருக்கும்போதே இதை முடிக்கப்போகிறேன், உன் வெளிநாட்டுக்காரனின் நம்பரைக் கொடு, நான் பேசுகிறேன் என்றேன். அவன் கோபப்படவில்லை. சரி மாமி, நீங்கள் சொல்ல வேண்டாம், கஷ்டப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெல்வெட்டோடு கத்தியையும் அந்த வட்ட விளக்கையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

அவன் எங்கே போகிறான் என்று புரிய எனக்குக் கொஞ்சநேரம் பிடித்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் பின்பக்கம் போனேன்.

சித்தப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடிப்புக் கலையாத புது வெள்ளைச் சட்டை. தலையில் எண்ணெய் வைத்து வகிடெடுத்துச் சீவிவிட்டிருந்தார்கள். முகத்துக்கு நேராக விளக்கு, அதன் நடுவில் போன். மடியில் அம்மாவின் பிச்சாத்தி.

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, காதுக்குள் உரக்கச் சொன்னேன். சித்தப்பா, இது உங்கள் கத்தி இல்லை, இது அம்மாவின் கத்தி, நீங்கள் யாரையும் கொல்லவில்லை, நான் எல்லோரிடமும் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் கத்தியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தெரியும் மக்ளே," என்றார். "உனக்க அம்மை இதுலதான் எனக்கு அயிலை வெட்டித் தருவா. அண்ணன் சொல்லுவான்னு அண்ணைக்குக் கோயில்ல நின்னேன். சொல்லல்ல."

அப்படியென்றால் இன்றைக்கு எதற்கு இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கிறது. காய்ப்புப் பிடித்த உள்ளங்கையால் என் கன்னத்தைத் தட்டினார்.

"இத்தன காலமும் ஊரு சும்மா சொல்லிச்சு மக்ளே. இப்பம்தான் ஒருத்தன் அதுக்குப் பைசா தாறான்."

சொல்லிவிட்டு விளக்கின் பக்கம் திரும்பி, கத்தியைத் தூக்கிப் பிடித்து, தம்பி மகன் சொல்லிக்கொடுத்தபடியே, நான்தான் கொன்னேன் என்றார். சத்தம் போதாது, இன்னொரு தடவை சொல்லுங்கள் பாட்டா என்றான் அவன். அவர் இன்னொரு தடவை சொன்னார்.